சிறுத்தைப் படம்: எங்கே வெட்டுவது, இரைச்சலை எப்படிக் குறைப்பது?

வணக்கம். பொழுது சாயும் நேரத்தில் சஃபாரி வண்டியிலிருந்து, மரக்கிளையில் படுத்திருந்த சிறுத்தை ஒன்றைப் படமெடுத்தேன். அதைச் செம்மைப்படுத்துவதில் இரண்டு இடங்களில் சிக்கி நிற்பதால் அனுபவமுள்ளவர்களின் ஆலோசனையை நாடுகிறேன். 400 மி.மீ. லென்ஸ், எஃப்/5.6, 1/500 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 6400. 6000 × 4000 பிக்சல் அளவுள்ள ரா கோப்பு (கேமரா பதிவுசெய்த, பதப்படுத்தாத மூலக் கோப்பு) கைவசம் இருக்கிறது.

சிறுத்தை இடப்பக்கம் பார்க்கிறது. பதற்றத்தில் நடுக் குவியப்புள்ளியைக் கண்ணில் வைத்து அப்படியே அழுத்திவிட்டதால் முகம் சட்டத்தின் நட்டநடுவில் அமைந்துவிட்டது. தொங்கும் வாலின் நுனி கீழ்விளிம்பில் துண்டாகியிருக்கிறது. பார்வை செல்லும் திசையில் வெளி விட வேண்டும் என்பதற்காக வலப்புறத்தை நறுக்கினால் பின்னங்கால் பாதியில் அறுபடுகிறது. தலையும் முன்னங்கால்களும் மட்டும் தெரியும்படி இறுக்கி வெட்டினால் 3000 × 2000 பிக்சல்தான் மிஞ்சும். 18 அங்குல அகலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 167 பிக்சல். சுவரில் மாட்ட அது போதுமா? (வாலை மென்பொருளால் வரைந்து நீட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.)

அடுத்தது இரைச்சல், அதாவது படத்தில் தெரியும் புள்ளி புள்ளியான பிசிறு. வயிற்றுப்பக்க நிழலை இரண்டு ஸ்டாப் (அதாவது நான்கு மடங்கு வெளிச்சமாக) உயர்த்தியதும் ஊதா நிறத் திட்டுகள் எழுகின்றன. அவற்றை அடக்கினால் மீசை முடிகள் மெழுகுபோல் குழைந்துவிடுகின்றன. நிற இரைச்சலை (வண்ணப் பிசிறுகளை) மட்டும் முழுப்படத்துக்கும் நீக்கிவிட்டு, ஒளி இரைச்சலை (வெளிச்ச வேறுபாட்டால் தெரியும் பிசிறுகளை) மாஸ்க் போட்டு, அதாவது பகுதியைத் தனியே தேர்ந்து, பின்னணியில் மட்டும் குறைத்து, கூர்மையைக் கடைசியில் கண்ணுக்கும் மீசைக்கும் கொடுப்பது சரியான வரிசையா, அல்லது நிழலை இவ்வளவு உயர்த்தாமல் வயிற்றை இருளிலேயே விட்டுவிடுவது நல்லதா? இதேபோன்ற மங்கிய வெளிச்சத்தில் எடுத்தவர்கள் தங்கள் வழிமுறையைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.