ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து 11ஆம் நாள்: ராத்திரிப் பசிக்கு என்ன கொடுப்பது?

குழித்துறைத் தம்பி:

எங்க மயினிக்கு (அண்ணன் மனைவி, வயது 46) திருவனந்தபுரத்தில் ஸ்லீவ் ஆபரேஷன் (எடை குறைய இரைப்பையை வெட்டிச் சிறிதாக்குவது) முடிந்து இன்றைக்கு 11ஆம் நாள். வீடு களியக்காவிளைக்கு இந்தப் பக்கம். 14 நாள் வரை நீராகாரம், அதற்குப் பிறகு மசித்தது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்தால் பசியே இருக்காது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் எதைக் குடித்தாலும் முக்கால் மணி நேரத்துக்குள் வயிறு காந்துகிறது என்கிறார்.

இப்போது கொடுப்பது: காலையில் பால் சாயா 100 மி.லி., சம்பா அரிசிக் கஞ்சிவெள்ளம் நாலைந்து தடவை (தடவைக்கு 100 மி.லி.), ஒரு இளநீர், வடிகட்டிய ஆப்பிள் ஜூஸ், சாயங்காலம் இன்னொரு சாயா. ராத்திரி 2, 3 மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பசி தாங்காமல் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். நேற்று ரெண்டு பிஸ்கட்டைச் சாயாவில் முக்கிக் கொடுத்த பிறகுதான் அடங்கியது.

மாத்திரைகள்: வயிற்று அமிலத்துக்குப் பான்டோப்ரசோல் 40 மி.கி. காலையில். சுகருக்குக் கிளிமெபிரைடு 2 மி.கி. காலை, ராத்திரி, முன்பு சாப்பிட்ட மாதிரியே. பிரஷர் மாத்திரை ஒன்று. கஞ்சிவெள்ளத்தின் அளவைக் கூட்டலாமா? சோற்றைக் குழைத்து ரெண்டு கரண்டி கொடுக்கலாமா?

நெய்யாற்றின்கரை சிஸ்டர்:

தம்பி, கஞ்சி, சோறு பேச்செல்லாம் அப்புறம். ராத்திரியில் வியர்த்து, கை நடுங்கிப் பசிக்கிறது என்றால் சுகர் இறங்குகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். பிஸ்கட் உள்ளே போனதும் அடங்கியதும் அதைத்தான் காட்டுகிறது.

கிளிமெபிரைடு, சாப்பாடு வந்ததா இல்லையா என்று பார்க்காமல் கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும். மூன்று வேளை சோறு சாப்பிட்ட காலத்துக்கு எழுதின அளவு அது. இப்போது உள்ளே போவது அதில் கால் பங்குகூட இல்லை. தவிர, இந்த ஆபரேஷனுக்குப் பிறகு எடை குறையும் முன்பே, சில நாளிலேயே சுகர் இறங்க ஆரம்பித்துவிடும். பழைய மாத்திரை டப்பாவை அப்படியே தொடர்வதில் உள்ள ஆபத்து இதுதான்.

இன்றைக்கு ராத்திரி மாத்திரை கொடுக்கும் முன்பே ஆபரேஷன் செய்த இடத்து டூட்டி டாக்டரைக் கூப்பிட்டு, மருந்தின் பெயர், அளவு, ராத்திரி அறிகுறி மூன்றையும் சொல்லுங்கள். குளுக்கோமீட்டரைக் கட்டில் பக்கத்தில் வையுங்கள். பசி என்று எழுந்தால் உடனே விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை 100 மி.லி. வெள்ளத்தில் கரைத்து, பத்து நிமிஷத்துக்குள் சிறு சிறு மடக்காகக் கொடுங்கள். 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழேயே நின்றால் மறுபடியும் அதே அளவு. ஏறிவிட்டால் அரை கப் பால், இல்லையென்றால் திரும்ப இறங்கும். பேச்சு குழறினாலோ, கூப்பிட்டதற்கு முழிக்காவிட்டாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், தமிழ்நாடு, கேரளம் இரண்டுக்கும் அதே எண்தான்.

பிரஷரையும் உட்கார வைத்து ஒரு தடவை, எழுப்பி நிற்க வைத்து ஒரு தடவை பாருங்கள். நிற்கும்போது நன்றாக இறங்கினாலோ கிறுகிறுப்பு வந்தாலோ அந்த மாத்திரையைப் பற்றியும் சேர்த்துக் கேளுங்கள்.

பிஸ்கட் இனி வேண்டாம். உள்ளே ஸ்டேப்ளர் போட்ட கோடு ஆறிக்கொண்டிருக்கிற நேரம் இது. சும்மா படுத்திருக்கும்போதே நாடி 120-ஐத் தாண்டுவது, காய்ச்சல், மூச்சு வாங்குவது, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, அதோடு இடது தோளில் வலி: இவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் அந்த ஆஸ்பத்திரிக்கே கிளம்பிவிடுங்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படித்தான்.

அளவுக்கரண்டி (டயட்டீஷியன்):

சிஸ்டர் சொன்னதை முதலில் முடியுங்கள். பகல் பசிக்குக் காரணம் வேறு.

நீங்கள் எழுதின பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன். நாள் முழுக்கச் சேர்த்தாலும் புரதம் 10 கிராமைத் தாண்டாது. தேவை 60 முதல் 80 கிராம். ‘கஞ்ஞிவெள்ளம்’ என்று மலையாளத்தில் எழுதிக் கொடுப்பது முதல் இரண்டு மூன்று நாளுக்குத்தான். எல்லைக்கு இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கமும் சரி, சீக்காளி என்றாலே கஞ்சி என்று பழகிப்போனதால் அது பத்து நாளுக்கும் நீண்டுவிடுகிறது.

பசியே இருக்காது என்று சொல்வதற்கும் ஒரு காரணம் உண்டு. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை 1999-ல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். அது பெரும்பாலும் சுரப்பது இரைப்பையின் மேல் வளைவில். ஸ்லீவில் அந்தப் பகுதியோடு சேர்த்து இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். அதனால் பசி குறையும், ஆனால் முழுசாக அடங்கிவிடாது. மிச்சம் இருப்பது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய், கொள்ளளவு 100 முதல் 150 மி.லி. கஞ்சிவெள்ளம், ஜூஸ் போன்ற நீர்த்த பொருள் அந்தக் குழாயில் நிற்காமல் இறங்கிவிடும். முக்கால் மணியில் பசிப்பது அதனால்தான். இரைப்பை விரிந்துவிட்டதோ என்று மயினியைப் பயப்பட விடாதீர்கள்.

14ஆம் நாள் வரை நீராகாரம்தான், ஆனால் புரதம் உள்ள நீராகாரம். ஒரு நாளுக்குப் பால் 400 மி.லி. (13 கிராம் புரதம்), அதிலேயே கொழுப்பு நீக்கிய பால்பொடி ரெண்டு டேபிள்ஸ்பூன் (7), வே (பாலிலிருந்து பிரித்தெடுக்கும்) புரதப்பொடி ஒரு ஸ்கூப் (லேபிளைப் பாருங்கள், பெரும்பாலும் 20 முதல் 25), தயிர் 150 மி.லி. மோராக அடித்து (5), பருப்புத் தெளிவு 200 மி.லி. (5). ஐம்பதைத் தாண்டிவிடும், இந்த வாரத்துக்கு அது நல்ல தொடக்கம். பால் குடித்தால் வயிறு உப்புகிறது, பேதியாகிறது என்றால் பாலைக் குறைத்து மோரைக் கூட்டி, வே ஐசோலேட் (பால் சர்க்கரையைப் பெரும்பாலும் நீக்கின வே பொடி) வாங்குங்கள். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அளவு) கூடுதலாக இருந்தால் பொடியை டாக்டரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள்.

பொடி கலக்கும் விதத்தில்தான் பலருக்கும் தவறுகிறது. கொதிக்கிற பாலில் போட்டால் திரிந்து கட்டியாகும், ஷேக்கரில் அடித்தால் நுரை உள்ளே போய் நெஞ்சை அடைக்கும். ஆறின பால் 30 மி.லி.யில் அரை ஸ்கூப்பை முதலில் களிம்பாகக் குழைத்து, மீதி 120 மி.லி.யை ஊற்றிக் கரண்டியால் கலக்குங்கள். நுரை அமர பத்து நிமிஷம் வையுங்கள். அந்த 150 மி.லி.யைக் குடிக்க அரை மணிக்கு மேல் எடுத்துக்கொள்ளலாம். மீதி அரை ஸ்கூப் சாயங்காலத்துக்கு.

பருப்புத் தெளிவுக்குப் பாசிப்பருப்பு 30 கிராம், வெள்ளம் 250 மி.லி., ஒரு நுள்ளு சீரகம், உப்பு. குக்கரில் நாலைந்து விசில். மிளகாயும் தேங்காயும் சேர்க்காதீர்கள். நன்றாகக் கடைந்து சாயா அரிப்பில் வடிகட்டி, கரண்டியைச் சாய்த்தால் சொட்டுச் சொட்டாக விழும் பதத்துக்கு வெந்நீர் விடுங்கள்.

அளக்க, இருமல் மருந்துப் பாட்டிலின் 15 மி.லி. மூடி போதும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு மூடி என்றால் மணிக்கு 180 மி.லி. எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒன்றரை லிட்டர் போக வேண்டும். மூத்திரம் சாயா நிறத்தில் போனால் வெள்ளம் போதவில்லை. தாகத்தையும் உடம்பு பசி என்றே காட்டும். ஜூஸை நிறுத்திவிடுங்கள், அதன் சர்க்கரை சர்ரென்று ஏறி இறங்குவதே இன்னொரு பசியைக் கிளப்பும். (மீட்டரில் 70-க்குக் கீழே காட்டும்போது கொடுக்கும் சர்க்கரை வெள்ளம் மருந்து, அது வேறு.)

பாறசாலை மருந்துக்கடை அண்ணாச்சி:

‘காந்துகிறது’ என்ற சொல்லைக் கவனித்தேன். அமிலம் பொங்குவதும் பசி போலவே இருக்கும். பான்டோப்ரசோலை எழுந்ததும் வெறும் வயிற்றில் கொடுத்து, அரை மணி கழித்துத்தான் முதல் பானம். சாயா முதலில், மாத்திரை பிறகு என்றால் பலன் குறையும். அந்த மாத்திரையைப் பொடிக்கவும் கூடாது, மேல்பூச்சு உடைந்தால் அமிலத்தில் வீணாகிவிடும். பால் குடித்ததும் காந்தல் அடங்கி, கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வந்தால் அமிலம் என்றே எடுத்துக்கொண்டு டாக்டரிடம் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் கடுஞ்சாயா வேண்டாம். வலிக்கு டைக்ளோபினாக், ஐபுபுரூபன் கையிருப்பில் இருந்தால் எடுத்து மாற்றிவிடுங்கள், பாரசிட்டமால் போதும்.

ஒரு விஷயம் அழுத்திச் சொல்கிறேன். வாந்தி ரெண்டு மூணு நாள் விடாமல் இருந்தால் பி1 வைட்டமின், அதாவது தயமின், வற்றிவிடும். அந்த நிலையில் தயமின் போடாமல் குளுகோஸ் டிரிப் மட்டும் ஏற்றினால் மூளைக்கே கேடு. பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் "ஸ்லீவ் செய்தவர், இத்தனை நாளாக வாந்தி" என்று வாசலிலேயே சொல்லி, டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டுங்கள்.

பிறகு நாக்கின் பசி. கேட்டால் வெதுவெதுப்பான வெள்ளம் 60 மி.லி. மெதுவாகக் குடிக்க வைத்து, முற்றத்தில் பத்து நிமிஷம் நடக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் மோர் தந்தாலும் சரி என்றால் வயிற்றுப் பசி. மோர் வேண்டாம், பொரித்த சாளைதான் வேண்டும் என்றால் அடுப்படி வாசனை செய்கிற வேலை. வீட்டில் மற்றவர்களுக்கு மீன் பொரிப்பதை ஒரு மாசம் தள்ளி வைப்பது மயினிக்குப் பெரிய உதவி.

குழித்துறைத் தம்பி:

கூப்பிட்டுக் கேட்டோம், ராத்திரி கிளிமெபிரைடை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தியும் 2.40-க்குப் பார்த்தபோது 61. சர்க்கரை வெள்ளம் கொடுத்து 15 நிமிஷத்தில் 88, பிறகு பால். மாத்திரை கொடுக்காமலே ஏன் இறங்கியது? இன்னொன்று, 15ஆம் நாளிலிருந்து மீன் கொடுக்கலாமா? மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கை) மசித்துக் கேட்கிறார்.

நெய்யாற்றின்கரை சிஸ்டர்:

காலையில் போட்டது இன்னும் வேலை செய்கிறது, அந்த மருந்தின் பிடி 24 மணி நேரம் வரை இருக்கும். இந்த 61-ஐ இப்போதே டாக்டரிடம் சொல்லி, காலை மாத்திரையும் வேண்டுமா என்று கேட்ட பிறகே கொடுங்கள். அடுத்த ரெண்டு ராத்திரியும் 12 மணிக்கும் 3 மணிக்கும் அலாரம் வைத்துப் பார்த்து, எண்ணை நேரத்தோடு எழுதி வையுங்கள்.

அளவுக்கரண்டி (டயட்டீஷியன்):

மீன் கொடுக்கலாம், உங்கள் சீட்டில் மசித்தது தொடங்கச் சொன்ன நாளிலிருந்து. விளமீன், நெய்மீன் மாதிரி சதைப்பற்றுள்ளது நல்லது. சாளையில் எண்ணெயும் முள்ளும் கூடுதல், கொஞ்ச நாள் போகட்டும். மஞ்சளும் உப்பும் போட்டு ஆவியில் வேக வைத்து, விரலால் உதிர்த்து முள் பாருங்கள். பருப்புத் தெளிவு விட்டு அரைத்து, அரிப்பில் ஒரு தடவை தேய்த்து எடுத்தால் தப்பின முள்ளும் நின்றுவிடும். ரெண்டு டேபிள்ஸ்பூன், சுமார் 30 கிராம், அதில் புரதம் 6 கிராம். குழந்தைக் கரண்டியால் 20 நிமிஷத்துக்குக் குறையாமல். விக்கல் வந்தாலோ, மூக்கு ஒழுகினாலோ, நெஞ்சுக்குழி இறுகினாலோ அந்தக் கரண்டியோடு நிறுத்திவிட வேண்டும், ‘இன்னும் ஒரு வாய்’ என்றால் வாந்திதான். சாப்பிட்டு அரை மணி நேரம் வெள்ளம் வேண்டாம். குடம்புளியும் முளகும் போட்ட குழம்பு இப்போது கூடாது.

மரச்சீனி 100 கிராமில் புரதம் ஒரு கிராம் அளவுக்குத்தான். மீதி பெரும்பாலும் வெள்ளமும் மாவும்தான். ஆறினால் பசை மாதிரி ஒட்டிக் குழாயில் நின்றுவிடும். அவித்த நேந்திரங்காயும் அப்படியே. ரெண்டு மாசம் கழிந்து, மீனோ முட்டையோ முதலில் சாப்பிட்ட பிறகு ஒரு டேபிள்ஸ்பூன் தொட்டுக்கொள்ளட்டும். அதுவரை ஆசை வந்தால் முட்டையைப் பாலில் அடித்து, எண்ணெய் காட்டாத சட்டியில் சிறுதீயில் தளதளவென்று கிண்டிக் கொடுங்கள். கெட்டிப்படும் முன்பே இறக்கிவிட வேண்டும், ரப்பர் மாதிரி ஆனால் அதுவும் அடைக்கும்.