வெர்டின்: முதலில் கூட்டைத் தேடுங்கள்

வட அமெரிக்காவின் சொனோரா, மொஹாவே பாலைவனங்களில் வெர்டின் என்ற சின்னப் பறவையைப் பார்க்கப் போகிறவர்கள் மஞ்சள் தலையைத் தேடித்தான் ஏமாறுகிறார்கள். ஏறத்தாழ 7 கிராம் குருவி. முள்ளுக்குள் ஓயாமல் தாவும். தோளிலுள்ள செம்பழுப்புத் திட்டு பல நேரம் மறைந்தே இருக்கும். கூடு அப்படியில்லை. மெஸ்கீட், பாலோ வெர்டே மரங்களில் தாழ்ந்த கிளைகளின் நுனியைப் பாருங்கள். முள் குச்சிகளால் பின்னிய உருண்டை, பக்கவாட்டில் சிறு வாசல். வெளிச்சுவர் ஆணின் வேலை. உள்ளே இறகும் சிலந்தி நூலும் வைத்து மெத்தையாக்குவது பெரும்பாலும் பெண்.

*

அது சரி, ஆனால் கூடுகளை எண்ணிப் பறவைகளைக் கணக்குப் போடாதீர்கள். ஒரே ஜோடி ஆண்டுக்குப் பல கூடு கட்டும். குஞ்சு பொரிக்க ஒன்று, தூங்க வேறு. குளிர்காலத் தூக்கக் கூட்டில் மெத்தை கனமாக இருக்கும், கோடைக்கூடு லேசானது. காற்று வறண்டிருப்பதால் பழைய கூடும் சீக்கிரம் சிதையாது. வாசலின் திசையையும் கவனியுங்கள்: பருவத் தொடக்கத்தில் கட்டியவை காற்றுக்கு முதுகு காட்டும், வெயில் ஏறிய பிறகு கட்டியவை காற்றைப் பார்த்திருக்கும். முன்னது கதகதப்புக்கு, பின்னது குளிர்ச்சிக்கு.

குஞ்சுகள் பறந்துவிட்டனவே என்று கூட்டைக் கலைக்கவும் வேண்டாம். இரவில் தூங்க அங்கேயே திரும்பி வரும்.

*

இளம்பறவைதான் குழப்பும். மஞ்சளும் இல்லை, தோள் திட்டும் இல்லை, மொத்தமும் சாம்பல். அலகைப் பாருங்கள்: கூம்பிய கூர் அலகு, அடிப்பாகம் வெளிறியிருக்கும். இதே போன்ற இன்னொரு சிறு பறவையான புஷ்டிட் என்றால் வால் நீளம், அலகு குட்டை, கூட்டமாக நகரும். வெர்டின் தனியாகவோ ஜோடியாகவோதான் திரியும். கருவால் நேட்கேட்சர் என்ற சிறு பறவை என்றால் கறுப்பு வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும். தலைகீழாகத் தொங்கி, பிடித்த புழுவைக் காலால் அமுக்கிக் கொத்துகிறதா? தனியாகவும் இருந்தால் பெரும்பாலும் வெர்டின்தான்.

*

ஹம்மிங்பேர்டு பறவைகளுக்குச் சர்க்கரைக் கரைசல் வைக்கும் தீவனக் குப்பிக்கும் வெர்டின் வரும். துளை வாயில் கசியும் துளிகளைக் குடிக்கும். 1 பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு 4 பங்கு தண்ணீர், அவ்வளவே. தேன் கலந்தால் பூஞ்சை பிடிக்கும். சாயம் தேவையே இல்லை. கடும் வெயிலில் கரைசல் சீக்கிரம் புளித்துக் கலங்கிவிடும். தினமும் மாற்றிவிடுவது நல்லது, குப்பியை நிழலில் மாட்டினால் இன்னும் நல்லது.