உங்கள் வீட்டுப் பிள்ளைகள் என்ன பாட்டுக் கேட்கிறார்கள்?

செயிண்ட் ஆந்த்ரேயிலிருந்து ஓர் அம்மா:
புதுச்சேரியிலிருந்து இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்குக் குடிவந்தவர்கள் நாங்கள். வீட்டில் காலை முதல் இளையராஜாதான். மகனுக்கு 15 வயது ஆனதும் அவர் சமையலறையோடு நின்றுவிட்டார். பள்ளி பஸ்ஸில் எல்லோரும் டான்ஸ்ஹால், ஷாட்டா என்னும் கரீபியன் ஆட்டப் பாட்டுகள் கேட்கிறார்கள். இவனும் அதையே கேட்கிறான். ஒருநாள் அவன் போனில் இரண்டு பாட்டுப் பட்டியல்களைப் பார்த்தேன். ஒன்று நண்பர்களுக்குக் காட்ட. இன்னொன்றில் முழுக்கத் தமிழ்ப் படப் பாட்டு! ஏனடா என்றால், "வகுப்பில் சிரிப்பார்கள் அம்மா" என்கிறான்.

செயிண்ட் டெனியில் தமிழ் வகுப்பு எடுப்பவர்:
சிரிப்புக்கு அஞ்சி ஒளித்த பாட்டு இந்தத் தீவுக்குப் புதிதல்ல, சகோதரி. அடிமைகளின் வழிவந்த மலோயா இசை 1980-களின் தொடக்கம் வரை அரசு அதிகாரிகளுக்கு ஆகாது. மலோயாப் பாடகர் ஃபிர்மன் விரியின் பாட்டுகளை 1976-இல் இசைத்தட்டாக வெளியிட்டதே இங்குள்ள கம்யூனிஸ்ட் கட்சிதான். 2009-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் மலோயா ஏறியது. தமிழ், மலகாசி வேர்கள் கொண்ட கிரான்முன் லெலே அதன் பெரும் பாடகர்களில் ஒருவர் என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. அடிமைமுறை ஒழிந்த டிசம்பர் 20-ஆம் நாள் வந்தால் என் மாணவர்கள் ரூலேர் முரசின்மேல் கால் பரப்பி உட்கார்ந்து, இரு கையாலும் மாட்டுத்தோலை அறைகிறார்கள். பக்கத்தில் ஒருவன் கரும்புப் பூத்தண்டில் செய்த கயாம்பைக் குலுக்குவான். அவர்களுடைய தாத்தாக்களை இதற்காகவே வீட்டில் திட்டியிருக்கிறார்கள். ஊர் மதித்த பிறகுதான் பையன்கள் மதிக்கிறார்கள். ரசனை என்று நாம் சொல்வதில் பாதி இதுதான்.

செயிண்ட் பியேரிலிருந்து ஒரு சித்தி:
என் அக்கா மகன் வாரம் முழுக்க ஹெட்போனும் கையுமாகத் திரிவான். தீமிதி நெருங்கினால் கோயில் வாசலில் நெருப்பு மூட்டித் தப்புப் பறையைக் காய்ச்சுவான். ஒரு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, மறுபடியும் நெருப்பில் காட்டுவான். முன்பெல்லாம் கூப்பிட்டாலும் வரமாட்டான். கிரியோல் என்னும் கலப்பினத்து நண்பன் ஒருவன் கூட வந்து குச்சியைக் கேட்டு வாங்கி அடித்த பிறகே இந்த மாற்றம். பக்தியா என்று கேட்டேன். "பெண்பிள்ளைகள் பார்க்கிறார்கள் சித்தி" என்றான்.

செயிண்ட் ஆந்த்ரே அம்மா:
எங்கள் பக்கம் தப்பு அடிக்கச் சொல்லிக்கொடுக்கும் கோயில் இருந்தால் எழுதுங்கள். நான் விசாரித்தது அவனுக்குத் தெரிய வேண்டாம். அம்மா சொன்னாள் என்றாலே வரமாட்டான்.