புதுப்பிப்பு: ‘மெய்யழகன்’ பார்த்தாயிற்று

2024-இல் வந்த படங்களில் எனக்குப் பிடித்த படம் ‘லப்பர் பந்து’ என்று முன்பு எழுதியிருந்தேன். ‘மெய்யழகன்’ பார்க்காமல் அப்படிச் சொல்லாதே என்று நிறைய பேர் சண்டைக்கு வந்தீர்கள். சரி, கோலாலம்பூர் என்யூ சென்ட்ரல் மாலில் இருக்கும் தியேட்டருக்குப் போய்ப் பார்த்தாயிற்று.

கல்யாண மேடையில் அரவிந்த்சாமி தங்கைக்கு ஒவ்வொரு நகையாகப் போட்டுவிடும் காட்சியில், பக்கத்து சீட் அக்கா கண்ணைத் துடைக்கக்கூட இல்லை, வழிய விட்டுவிட்டார். படத்தில் அரவிந்த்சாமி குடும்பம் சொந்த வீட்டை விட்டுக் கிளம்புகிற வலி, மலேசியாவில் எஸ்டேட்டை விட்டு வந்த நம்மவர்களுக்குப் புதிதா என்ன? கார்த்தி பேசிக்கொண்டே இருக்கிறார் என்று சிலர் அலுத்துக்கொண்டார்கள். அந்தப் பேச்சுதான் படமே! ரிலீசுக்குப் பிறகு 18 நிமிடங்களை வெட்டியதில் எனக்கு உடன்பாடில்லை. இயக்குநர் பிரேம்குமார் படத்துக்குப் போய்விட்டு அவசரப்பட்டால் எப்படி? பின்பாதி கொஞ்சம் இழுக்கிறது, அது உண்மைதான்.

இருந்தாலும் என் ஓட்டு ‘லப்பர் பந்து’க்கே. இயக்குநர் தமிழரசன் பச்சமுத்துவுக்கு இது முதல் படம் என்றால் நம்ப முடியவில்லை. தினேஷுக்கு விஜயகாந்த் பாட்டு ஒலித்ததும் இங்கே தியேட்டரில் விசில் பறந்தது. மனைவியாக வரும் சுவாசிகா தினேஷை முறைக்கிற முறைப்புக்கே தனியாக டிக்கெட் வாங்கலாம்.

அப்புறம், மாரி செல்வராஜின் ‘வாழை’ பற்றிக் கேட்டவர்களுக்கு: நல்ல படம், கட்டாயம் பாருங்கள். இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை.