ஃபார்முலா எல்லாம் தெரிகிறது, கணக்கைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் நின்றுவிடுகிறேன். ஃபைனான்ஸை எப்படிப் படிப்பது?

மூன்றாம்_பருவம் கேட்டது:

பள்ளியில் கணக்குப்பதிவியல் படிக்காமல் நேரே கல்லூரியில் ஃபைனான்ஸ் எடுத்தவன் நான், இப்போது இரண்டாம் ஆண்டு. வகுப்பில் போட்ட கணக்கையே தேர்வில் கேட்டால் போட்டுவிடுவேன். பணம் ஆண்டு முடிவில் இல்லை, தொடக்கத்திலேயே வருகிறது என்று ஒரு சொல் மாறினால் போதும், கை ஓடாது. ஃபார்முலாக்களை ஒரு நோட்டில் எழுதி தினமும் பார்க்கிறேன், நாற்பதைத் தாண்டிவிட்டது, எதை எங்கே போடுவது என்பதுதான் பிடிபடவில்லை.

ரொம்பக் குழப்புவது இரண்டு இடங்கள். என்.பி.வி.யை (பின்னால் வரும் பணத்தின் இன்றைய மதிப்பிலிருந்து இன்று போடும் பணத்தைக் கழித்தது) கையால் போட்டால் ஒரு விடை, எக்செலில் போட்டால் வேறு விடை. அப்புறம், ஆபத்தான இரண்டு பங்குகளைச் சேர்த்து வைத்தால் மொத்த ஆபத்து இரண்டையும்விடக் குறையலாம் என்கிறார்கள். தேர்வில் அப்படியே எழுதிவிடுகிறேன், ஆனால் மனசு ஒப்புக்கொள்ள மறுக்கிறது.

கூடப் படிப்பவர்களில் பாதிப் பேர் சொந்தப் பணத்தில் பங்கு வாங்கி விற்கிறார்கள், சிலர் சி.எஃப்.ஏ. என்ற முதலீட்டுத் துறைத் தேர்வுக்கும் தயாராகிறார்கள். நான் பின்தங்கிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

பழைய_ஆசிரியை:

அந்த நோட்டைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். இந்தப் பாடத்தைப் பல வருடம் நடத்தியிருக்கிறேன், நீங்கள் சொல்லும் இதே இடத்தில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் நிற்பார்கள். கடன் தவணை, பத்திர விலை, பங்கின் மதிப்பு, புது இயந்திரம் வாங்கலாமா வேண்டாமா, இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: பின்னால் வரப்போகிற பணம் இன்றைக்கு எவ்வளவு பெறும்? உங்கள் நாற்பதில் பெரும்பாலானவை இதன் சுருக்கு வழிகள்தான்.

எந்தக் கணக்கு வந்தாலும் முதலில் ஒரு கோடு போட்டு 0, 1, 2 என்று ஆண்டுகளைக் குறித்து, எந்தப் பணம் எந்தப் புள்ளியில் வருகிறது என்று மேலே எழுதுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் வரும் பணம் என்றால் எல்லாத் தொகையும் ஒரு கட்டம் இடப்பக்கம் நகரும், அவ்வளவுதான். சாதாரணத் தொடர்தொகைக்கு (ஆண்டு முடிவுதோறும் ஒரே தொகை வருவது) வந்த விடையை ஒருமுறை (1 + வட்டி) ஆல் பெருக்கினால் முடிந்தது, அதற்குத் தனி ஃபார்முலா எதற்கு?

எக்செல் விஷயமும் இதேதான். இன்று 1000 போடுகிறீர்கள், ஓராண்டு கழித்து 600, இரண்டாண்டு கழித்து 600 வருகிறது, வீதம் 10% என்று வையுங்கள். 600-ஐ 1.1 ஆல் வகுத்தால் 545.45, அடுத்த 600-ஐ 1.21 ஆல் வகுத்தால் 495.87, கூட்டினால் 1041.32, அதில் 1000 போனால் 41.32. எக்செலின் என்.பி.வி. ஃபங்ஷனுக்குள் மூன்று தொகையையும் கொடுத்தால் 37.57 வரும். காரணம், நீங்கள் கொடுக்கும் முதல் தொகையே ஓராண்டு கழித்து நடப்பது என்று அது எடுத்துக்கொள்கிறது, அதனால் எல்லாமே ஒருமுறை கூடுதலாக 1.1 ஆல் வகுபடுகிறது. இன்று போடும் 1000-ஐ ஃபங்ஷனுக்கு வெளியே கழியுங்கள், கை விடையும் அதுவும் ஒன்றாகிவிடும்.

வட்டிக்கணக்கு:

இரண்டாவது குழப்பத்துக்கு நான் வருகிறேன், இந்தப் படிப்பிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது.

ஒரு பங்கின் திட்ட விலக்கம், அதாவது அதன் வருமானம் சராசரியிலிருந்து எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற அளவு, 20%, இன்னொன்றின் திட்ட விலக்கம் 30%, பணத்தைப் பாதிப் பாதி போடுகிறீர்கள். இரண்டும் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று −1 முதல் +1 வரை சொல்வது ஒட்டுறவு. அது +1 என்றால் மொத்தம் சரியாக 25, நாம் எதிர்பார்க்கிற சராசரி. ஒட்டுறவு 0 என்றால்? பாதியின் வர்க்கம் 0.25, 20-இன் வர்க்கம் 400, 30-இன் வர்க்கம் 900. 0.25 × 400 என்பது 100, 0.25 × 900 என்பது 225, சேர்த்தால் 325, வர்க்கமூலம் 18.03. இரண்டில் சாதுவான பங்கின் 20-ஐவிடக் குறைவு! ஒட்டுறவு −1 ஆனால் வெறும் 5. நீங்களே ஒட்டுறவாக 0.25-ஐப் போட்டுப் பாருங்கள், சரியாக 20 வரும். அதற்குக் கீழே போனால்தான் கலவை இரண்டையும் வெல்கிறது. ஒன்று சறுக்கும்போது மற்றதும் கூடவே சறுக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதுதான் காரணம்.

ஹாரி மார்கோவிட்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1952-இல் இதை எழுதினார். அவருடைய முனைவர் பட்டத் தேர்வில் பெயர்பெற்ற பொருளாதாரப் பேராசிரியர் மில்டன் ஃப்ரீட்மன், இது பொருளாதாரமே இல்லை என்று வாதாடினாராம், மார்கோவிட்ஸே நோபல் உரையில் சொல்லியிருக்கிறார். அவ்வளவு பெரிய ஆளுக்கே உடனே ஒப்பவில்லை என்றால் நீங்கள் தயங்கியதில் குறையே இல்லை.

பத்திரப்பிரிவு:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் அந்த ஒட்டுறவு எண்ணைக் கல்வெட்டு மாதிரி நினைத்துவிடாதீர்கள். அது பழைய விலைகளிலிருந்து கணக்கிட்டது, நெருக்கடி வந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் விற்க ஓடுவார்கள், தொடர்பே இல்லாதவை என்று நினைத்தவை சேர்ந்தே விழும். எல்.டி.சி.எம். என்ற அமெரிக்க முதலீட்டு நிதியத்தில் மெர்டன், ஷோல்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்களும் பங்குதாரர்கள், 1997-இல் நோபல் பெற்றவர்கள். அடுத்த ஆண்டே அந்த நிதியம் கவிழ்ந்து, 14 நிறுவனங்கள் சேர்ந்து ஏறத்தாழ 360 கோடி டாலர் போட்டு நிறுத்த வேண்டியதாயிற்று. கணக்குத் தப்பில்லை, கணக்குக்கு அடியில் வைத்த அனுமானங்கள் உடைந்தன, அதோடு கடன் வாங்கிப் போட்ட பணமும் மிக அதிகம்.

சொந்தப் பணத்தில் பங்கு வாங்குவதைப் படிப்பாக நினைக்காதீர்கள். நான் மாணவனாக இருந்தபோது அப்படித்தான் செய்தேன், விலையைப் பார்த்துக்கொண்டே ஒரு பருவம் போனது, பணமும் போனது, கற்றது மிகக் கொஞ்சம். ஒரு ஆண்டு 50% ஏறி அடுத்த ஆண்டு 50% இறங்கினால் சராசரி பூஜ்யம் என்று கணக்கு சொல்லும், கையில் 100 இருந்தது 75 ஆகியிருக்கும். இதைப் பேப்பரில் புரிந்துகொள்ளச் செலவே இல்லை.

அந்த நேரத்தில் ஏதாவது ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்து, லாபம் என்று போட்டிருக்கும் தொகைக்கும் உண்மையில் கைக்கு வந்த ரொக்கத்துக்கும் ஏன் வித்தியாசம் என்று வரி வரியாகத் தேடுங்கள். கணக்குப்பதிவியல் படிக்காமல் வந்ததாகச் சொன்னீர்களே, உங்களுடைய உண்மையான ஓட்டை அதுதான். வேலையில் தினமும் அது வேண்டியிருக்கும்.

சி.எஃப்.ஏ. மூன்று நிலை. பட்டம் முடிய 23 மாதம் இருக்கும்போதே முதல் நிலை எழுத விடுகிறார்கள். மூன்றையும் முடித்தாலும் 36 மாதத்துக்குக் குறையாத, மொத்தம் 4,000 மணி நேர வேலை அனுபவம் இருந்தால்தான் பட்டயம். அவசரப்பட ஒன்றுமில்லை.

மூன்றாம்_பருவம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 37.57-ஐ 1.1 ஆல் பெருக்கினேன், ஏறத்தாழ அதே 41.32 வந்துவிட்டது, இரண்டு மாதமாக உறுத்திக்கொண்டிருந்தது. ஒட்டுறவு 0.25-உம் போட்டுப் பார்த்தேன், சரியாக 20. கோடு போட்டுப் பழைய தேர்வுத்தாளில் மூன்று கணக்கும் வந்தன.

இன்னொன்று மட்டும். கணக்கில் 10% என்று கொடுத்துவிடுகிறார்கள், அந்த 10 எங்கிருந்து வருகிறது?

பழைய_ஆசிரியை:

இதைக் கேட்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்றால் படிப்பு உள்ளே இறங்கிவிட்டது. இதே அளவு ஆபத்துள்ள வேறு இடத்தில் போட்டிருந்தால் என்ன கிடைக்குமோ, அதுதான் அந்த வீதம். எந்த ஆபத்து என்று கேட்டால், வட்டிக்கணக்கு காட்டினாரே, கலந்து வைத்தாலே கரைந்துபோகிற பகுதி, அதைத் தாங்குவதற்குச் சந்தை கூலி கொடுக்காது. கரையாமல் மிஞ்சுவதற்கு மட்டும்தான் கூலி. பீட்டா என்ற எண் அளப்பது அதை, வில்லியம் ஷார்ப் 1964-இல் எழுதியது. ஆபத்தில்லாத வட்டி 4, சந்தை அதற்கு மேல் தருவது 5, பீட்டா 1.2 என்றால் 4 + 6 = 10. உங்கள் இரண்டு குழப்பமும் இங்கே வந்து சேர்கின்றன பாருங்கள்.

இப்போது அதே 1000, 600, 600 கணக்கில் வீதத்தை 15 ஆக்கிப் போடுங்கள், −24.57 வரும். பணம் மாறவில்லை, ஆனால் அந்தத் திட்டத்தில் இறங்கக் கூடாது என்று ஆகிவிட்டது. எந்த வீதத்தில் சரியாகப் பூஜ்யம் ஆகிறது என்று கையாலேயே தேடுங்கள், 13-க்குக் கொஞ்சம் மேலே இருக்கும். அந்த வீதத்துக்குத்தான் ஐ.ஆர்.ஆர். என்று பெயர், அந்தப் பாடம் வரும்போது அதையே எடுத்துக்கொண்டு போகலாம்.