அவசரம்: மேட்ச் ஆகல, சோப் லிஸ்ட்டும் பாதிதான் தெரியுது

முத்துநகர்_டாக் · 2025 மார்ச் 17 திங்கள், இரவு 9.05
வணக்கம். அமெரிக்காவுல டாக்டர் ட்ரெயினிங் இடம் (ரெசிடென்சி) ஒதுக்கற மேட்ச்சோட மெயில் சாயங்காலம் வந்துச்சு, சாரின்னு. அழுது முடிச்சு இப்பதான் லாகின் பண்ணேன். சோப்புல, அதான் மேட்ச்சுல நிரம்பாத இடங்களுக்குப் போடற சுத்துல, காலி இட லிஸ்ட்டுல ப்ரிலிமும் ட்ரான்சிஷனலும் (ரெண்டுமே ஒரு வருஷ இடம்) மட்டும்தான் இருக்கு. ஃபேமிலி மெடிசின், பீடியாட்ரிக்ஸ், கேட்டகாரிக்கல் (முழு ட்ரெயினிங்கும் ஒரே இடத்துல) மெடிசின் ஒண்ணுகூடக் காணோம். என் ஃப்ரெண்டுக்கும் மேட்ச் ஆகல, ஆனா அவ லிஸ்ட்டுல எல்லாமே வருது. ரெண்டு ப்ரவுசர்ல பாத்துட்டேன். யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.

கேன்டீன்_டீ · 9.11
கேஷ் க்ளியர் பண்ணுங்க. விபிஎன் போட்டிருந்தா நிறுத்துங்க. போன வருஷம் எனக்கும் பேஜ் பாதியில நின்னுச்சு.

ஸ்டெத்தும்_சைக்கிளும் · 9.14
ஒய்ஓஜி (டிகிரி முடிச்ச வருஷம்) என்ன? ஸ்டெப் 2 (அமெரிக்க லைசென்ஸ் எக்ஸாம்) எவ்வளவு? விசா வேணுமா? எத்தனை இன்டர்வியூ? எந்தத் துறை? இதெல்லாம் இல்லாம என்னன்னு சொல்றது?

பழையசோறு · 9.20
வருஷா வருஷம் மார்ச்ல இதே கூத்து. மேல பின் பண்ணி வச்சிருக்கேன், யாரும் படிக்கிறதில்ல. முதல்ல ஒண்ணு: லிஸ்ட்டை இங்க ஒட்டிராதீங்க, வெளியில காட்டுறதே விதிமீறல். ரெண்டாவது, 45 அப்ளிகேஷன்தான். வாரம் முழுக்க அவ்வளவுதான், அனுப்பினதைத் திரும்ப வாங்கி வேற இடத்துக்குப் போட முடியாது. சோப்புக்குத் தயாராகாமலே மேட்ச்சுக்கு உக்காந்தா இப்படித்தான்.

நேர்மறை_நெகட்டிவ் · 9.26
எல்லாம் ஸ்டெப் 1 ஸ்கோரை எடுத்ததால வந்த வினை. 2022 ஜனவரியோட பாஸ்/ஃபெயில்னு ஆக்கிட்டாங்க. ஐஎம்ஜிக்கு (வெளிநாட்டுல படிச்ச டாக்டருக்கு) தன்னைக் காட்டிக்க இருந்த ஒரே ஜன்னலும் போச்சு. லிஸ்ட்டு கிஸ்ட்டெல்லாம் அப்புறம்.

முத்துநகர்_டாக் · 9.41
ஒய்ஓஜி 2021, ஸ்டெப் 2 251, ஜே-1 விசா போதும். இன்டர்வியூ 7. கேஷ் க்ளியர் பண்ணிட்டேன், அதேதான் வருது.

மதுரை_மல்லி · 9.44
அந்த ஸ்கோருக்கு 7 இன்டர்வியூ வச்சும் ஆகலையா?? எந்தத் துறைன்னு இன்னும் சொல்லவே இல்ல.

ஊருக்கே_வா · 9.50
அமெரிக்காக்காரன் அல்லாத ஐஎம்ஜிக்கு போன வருஷம் 58.5 சதவீதம்தான். அஞ்சு பேர்ல ரெண்டு பேருக்கு நாமம். பேசாம நீட் பிஜி எழுதும்மா, நம்ம ஊர் அரசு மருத்துவமனையில பாக்காத கேஸா?

நேர்மறை_நெகட்டிவ் · 9.53
2023ல கட்-ஆஃபை பூஜ்ய பர்சன்டைலுக்கு இறக்கினது அதே நீட் பிஜிதானே சார்?

ஊருக்கே_வா · 9.58
இறக்கினது காலியாக் கிடந்த சீட்டுக்கு. மெடிசின் சீட்டு எவனுக்கும் சும்மா கிடைக்கல.

நைட்_ட்யூட்டி · 10.02
உங்க சண்டையை வேற இழைக்குக் கொண்டு போங்க. @முத்துநகர்_டாக், மெயில்ல முதல் வரியில என்ன இருக்குன்னு அப்படியே படிச்சுச் சொல்லும்மா. சாரிக்கு முன்னாடி என்ன இருக்கு?

முத்துநகர்_டாக் · 10.09
ஒரு அட்வான்ஸ்டு பொசிஷனுக்கு மேட்ச் ஆயிருக்கு, முதல் வருஷத்துக்கு ஆகலன்னு இருக்கு. துறை நியூராலஜி. 5 கேட்டகாரிக்கல், 2 அட்வான்ஸ்டு ரேங்க் பண்ணேன். ப்ரிலிம் இன்டர்வியூ எதுவும் வரல, அதனால சப்ளிமென்டல் லிஸ்ட் (முதல் வருஷத்துக்கான தனி லிஸ்ட்) போடல. அப்ப இது மேட்ச்சா?

மதுரை_மல்லி · 10.10
ஐயோ பொண்ணே.

நைட்_ட்யூட்டி · 10.16
பாதி மேட்ச். நியூராலஜி சீட்டு உன் கையில இருக்கு, அது 2026 ஜூலையில ஆரம்பிக்கும். அதுக்கு முன்னாடி போற முதல் வருஷம்தான் பாக்கி. பாதி மேட்ச் ஆனவங்களுக்கு அந்த முதல் வருஷ இடங்கள் மட்டும்தான் தெரியும், கேட்டகாரிக்கல் காட்டாது. ப்ரவுசர்ல ஒரு கோளாறும் இல்ல. கண்ணைத் தொடச்சுட்டு உக்காரு.

லிஸ்ட்டுல சர்ஜரி ப்ரிலிம் குவிஞ்சு கிடக்கும். ஆசைப்பட்டு அதுல 30 போட்றாத. நியூராலஜிக்கு முதல் வருஷத்துல மெடிசின் மாசங்கள் வேணும், சர்ஜரி ப்ரிலிம் அதுக்கு ஒத்து வராது. மெடிசின் ப்ரிலிம் எல்லாத்துக்கும் முதல்ல போடு, அப்புறம் மெடிசின் மாசம் அதிகமா இருக்கற ட்ரான்சிஷனல். நாளைக்கு நம்ம சாயங்காலத்துல ப்ரோக்ராம்கள் பாக்க ஆரம்பிச்சுருவாங்க, ராத்திரியே அனுப்பிடு. பர்சனல் ஸ்டேட்மென்ட்டை மாத்து. 'சின்ன வயசுலேருந்து மூளை மேல ஆர்வம்'னு இருந்தா எடுத்துட்டு, மெடிசின் வார்டுல என்ன பண்ணேன்னு எழுது.

முத்துநகர்_டாக் · 10.31
சரி அக்கா. மிச்சிகன்ல சித்தப்பா இருக்கார். தெரிஞ்ச ப்ரோக்ராம் டைரக்டர்களுக்கு இப்பவே போன் போடறேங்கறார். போடச் சொல்லவா?

பழையசோறு · 10.33
வேண்டாம்! வேண்டவே வேண்டாம். அவங்களா உங்களைக் கூப்பிடற வரைக்கும் நீங்களும் பேசக் கூடாது, உங்களுக்காக இன்னொருத்தரும் பேசக் கூடாது. விதிமீறல்னு பதிவானா அடுத்த மேட்ச்சுக்கும் வேட்டு.

முத்துநகர்_டாக் · 10.36
அவர் 2005ல அப்படித்தான் ராத்திரி முழுக்க ஃபேக்ஸ் அனுப்பி இடம் பிடிச்சாராம்.

பழையசோறு · 10.38
அது ஸ்க்ராம்பிள் காலம், மிச்ச இடத்தை அவங்கவங்களே போன், ஃபேக்ஸ்னு அலைஞ்சு பிடிக்கறது. 2012லேருந்து சோப்தான். சித்தப்பாவைத் தூங்கச் சொல்லுங்க.

கேன்டீன்_டீ · 10.45
நியூராலஜி கிடைச்ச இடத்துக்கே எழுதி, ப்ரிலிமும் கொடுங்கன்னு கேக்கலாமே?

நைட்_ட்யூட்டி · 10.49
எந்த இடம்னே வெள்ளிக்கிழமைதான் தெரியும் தம்பி. யாருக்கு எழுதுவா?

ஸ்டெத்தும்_சைக்கிளும் · மார்ச் 18 செவ்வாய், காலை 7.20
வியாழன் ஆஃபர் நாலு ரவுண்டா வரும். முதல் ரவுண்டு நம்ம நேரம் மாலை 6.30. முடிவு சொல்ல ரெண்டு மணி நேரம்தான். வேண்டாம்னு சொன்ன ப்ரோக்ராம் மறுபடி கூப்பிடாது, சரின்னா அதோட முடிஞ்சுது. போனை சார்ஜ்ல போட்டு வைங்க. தெரியாத நம்பர்ல இன்டர்வியூ கால் வரும், ஸ்பேம்னு வெட்டிராதீங்க.

ஊருக்கே_வா · காலை 9.15
ஒரு வருஷ ப்ரிலிமுக்கு இவ்வளவு பாடு. பிரிட்டன் எக்ஸாம் பிளாப் எழுதி மான்செஸ்டர்ல செட்டில் ஆகியிருக்கலாம்.

மதுரை_மல்லி · 9.22
நேத்து ஊருக்கே வான்னீங்க, இன்னிக்கு மான்செஸ்டரா?

ஊருக்கே_வா · 9.30
நான் சொன்னது பொதுவா. முதல்ல முழுசாப் படிங்க.

(இதுக்கு மேல பிளாப்பா நீட்டான்னு 23 பதில்கள். தனி இழைக்கு மாத்தியாச்சு. — பழையசோறு)

நைட்_ட்யூட்டி · மார்ச் 20 வியாழன், இரவு 10.50
@முத்துநகர்_டாக் என்ன ஆச்சும்மா?

முத்துநகர்_டாக் · மார்ச் 21 வெள்ளி, அதிகாலை 1.40
கிடைச்சிருச்சு அக்கா. மெடிசின் ப்ரிலிம், ஓஹையோ. சித்தப்பா இப்பதான் மூச்சு விட்டார். நியூரோ எந்த ஊர்னு இன்னிக்கு ராத்திரிதான் தெரியும்.

மதுரை_மல்லி · 1.44
வாழ்த்துகள்!! எத்தனாவது ரவுண்டு? எத்தனை பேர் கூப்பிட்டாங்க? உன் ஃப்ரெண்டுக்கு என்ன ஆச்சு?

ஸ்டெத்தும்_சைக்கிளும் · மார்ச் 23 ஞாயிறு, இரவு 8.05
நியூரோ எங்க கிடைச்சுதுன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே.