கூத்தில் நீரியல் ஆய்வாளர்: ஆய்வாளரும் கலைஞரும் சேர்வது உங்கள் ஊரிலும் நடந்ததா?

பள்ளிகொண்டாக்காரன்:
கூத்தில் கதையை நடத்திச் சிரிக்கவைக்கும் கட்டியங்காரனைப் பற்றி நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து ஊரில் நிலத்தடி நீர் ஆய்வாளர் ஒருவரும் கூத்து வாத்தியாரும் சேர்ந்து, தண்ணீரைப் பற்றி ஒரு ராத்திரிக்குக் கதை கட்டினார்கள். ஆய்வாளர் கிணற்று ஆழத்தைச் சொல்லச் சொல்ல, கட்டியங்காரன் அத்தனை அடிக் கயிற்றைக் கூட்டத்துக்குள் இழுத்துக்கொண்டே போனான். தாத்தா காலத்துக் கிணறு முன்வரிசையோடு நின்றுவிட்டது. இப்போதைய போர்வெல், டீக்கடையையும் தாண்டி இருட்டுக்குள் போய், "இன்னும் விடு, இன்னும் விடு" என்று குரல் மட்டும் வந்தது. ஒரு பாட்டி ஆய்வாளரைப் பார்த்து, "ஏம்பா, கயிறு போதுமா?" என்று கேட்டார். ஆய்வாளர் மைக்கைக் கீழே வைத்துவிட்டார். அந்த முகம் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

ஆரணி ரோடு:
2018இல் ரெடிங் பல்கலைக்கழகத்துக் காலநிலை விஞ்ஞானி எட் ஹாக்கின்ஸ் வெளியிட்டாரே, பூமி சூடாவதைக் காட்டும் படம், வருஷத்துக்கு ஒரு கோடு, குளிர்ந்த வருஷம் நீலம், சூடான வருஷம் சிவப்பு, அதை ஓவியர்களோடு ஒரு பள்ளிச் சுவரில் வரைந்தோம். பட்டு நெய்கிற ஒருவர் சைக்கிளை நிறுத்தி, சேலை பார்டர் மாதிரி இருக்கிறதே என்றார். விஷயத்தைச் சொன்னதும் மகள் பிறந்த 2001ஐத் தேடிப் பிடித்து, அங்கிருந்து வலப்பக்கமாக விரலை ஓட்டினார். "எம் பொண்ணு ஒரு நீலத்தைக்கூடப் பார்க்கலியா?"

காட்பாடி வாசி:
பள்ளிகொண்டா தம்பி, கயிறெல்லாம் சரி, 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதே, அது கதையில் எங்கே? ஒரு டிகிரி சூடு ஏறினால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரம் பிடிக்கும், பெய்தால் கொட்டித் தீர்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வறட்சியை மட்டும் காட்டினால் பாதிக் கதைதான். நான் போன ஒரு காலநிலைக் கூட்டத்தில் ஸ்லைடெல்லாம் முடிந்த பிறகு ஓவியரிடம் "இதுக்கு ஒரு படம் போட்டுக் கொடுங்க" என்றார்கள், அவர் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், ஆய்வாளர்கள் அளவெடுக்கப் போகும்போதே கலைஞரையும் கூட்டிப்போங்கள். ஓலாஃபர் எலியாசன் என்ற கலைஞரும் மினிக் ரோசிங் என்ற நிலவியலாளரும் சேர்ந்துதான் 2015இல் பாரிஸ் காலநிலை மாநாட்டின்போது கிரீன்லாந்துப் பனிக்கட்டிகள் 12ஐ நடுவூரில் வைத்து உருகவிட்டார்கள். நமக்குப் பனி எதற்கு? நம் வேலூர்ப் பக்கத்து நாகநதியில் மழைநீரை நிலத்துக்குள் இறக்கப் பெண்கள் வெட்டிய கிணறுகள் இருக்கின்றன, பாட்டிக்குப் பாதி பதில் அங்கேயே கிடைக்கும். அப்புறம், புரொஜெக்டர் வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் பகல் நிகழ்ச்சி வைக்காதீர்கள். கூத்துக்காரருக்கு முன்பணம் கொடுங்கள்.

பள்ளிகொண்டாக்காரன்:
கூத்தில் வெள்ளம் விடியற்காலையில்தான் வந்தது அண்ணே, அதற்குள் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். முன்பணத்தைப் பற்றி வாத்தியாரிடமே கேளுங்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன்.